முதியோரின் சொத்தும் திருச்சபையின் மனச்சாட்சியும்
ஒரு வரலாற்று நோக்கு

முதியவர்களின் உடைமையைக் கவர்ந்துகொள்ளுதல் நம் காலத்தில் புதிதாகத் தோன்றிய தீமையன்று. அதற்குத் தனிப்பெயர் கிடைத்ததுதான் அண்மைக்காலத்தில். முதியோர் கொடுமைப்படுத்தப்படுதல் என்னும் பொருள் 1975-ஆம் ஆண்டில் பிரிட்டானிய மருத்துவ ஏடுகளில் தனித்துப் பேசப்படலாயிற்று. பணத்தையும் சொத்தையும் பறித்தல் அக்கொடுமையின் ஒரு கூறு எனப் பின்னர் வகுக்கப்பட்டது. ஜூன் 15-ஆம் நாளை இதற்குரிய விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2011-இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் தீமையோ திருமறையளவு பழமையுடையது. பெற்றோரின் பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பாவமென்றே கருதாத மகனை நீதிமொழிகளின் நூலாசிரியர் அறிந்திருந்தார் (28:24).

நம் ஆண்டவர் இத்தீமையை இருமுறை சுட்டிக் கண்டித்தார். பெற்றோருக்குச் செலவிட வேண்டியதைக் கொர்பான் என்று கடவுளுக்கு நேர்ந்துவிட்டுக் கடமையினின்று தப்பும் மகனை ஒருமுறை கண்டித்தார் (மாற்கு 7:9-13). விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்யும் வேதபாரகரை மற்றொருமுறை கண்டித்தார் (மாற்கு 12:40). முன்னதில் குற்றவாளி பெற்ற பிள்ளை. பின்னதில் குற்றவாளி சமய ஊழியன். இரண்டிலும் பக்தியே திரையாக நிற்கிறது. தன் பிழைப்புக்குரிய இரண்டு காசுகளையும் காணிக்கைப் பெட்டியில் இட்ட ஏழை விதவையின் நிகழ்ச்சி இரண்டாவது கண்டனத்தை அடுத்தே வருகிறது. அது அவளுடைய ஈகைக்குப் புகழா, அவளிடமிருந்து அதையும் பெற்றுக்கொண்ட ஆலய அமைப்பைப் பற்றிய துயரமா என்று விளக்கவுரையாளர்கள் இன்றும் வினவுகின்றனர்.

இக்கட்டுரை அவ்வினாவைத் திருச்சபை வரலாற்றிலும் சட்ட வரலாற்றிலும் பின்தொடர முயல்கிறது. முதியவரின் பொருளுக்கு ஆபத்து அந்நியரிடமிருந்து மட்டுமன்றி, அவர் நம்பிச் சார்ந்திருப்பவரிடமிருந்தும் வருகிறது. அந்நெருக்கமானவர்களுள் குருவானவரும் ஒருவர். ஆகவே, அரசு வேலியிடும்வரை காத்திராமல் தனக்குத் தானே வேலியிட்டுக்கொள்வது திருப்பணியின் கடன். இதுவே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

1. ரோமாபுரியில் வாசிக்கப்பட்ட ஒரு சட்டம்

370-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், பேரரசன் முதலாம் வாலந்தீனியன் ரோமாபுரியின் பேராயர் டமாசசுக்கு ஒரு சட்டத்தை விடுத்தான். அது அந்நகரின் ஆலயங்களில் யாவரும் கேட்க வாசிக்கப்பட்டது. குருமாரும், துறவு பூண்டோர் என்று தம்மைக் கூறிக்கொள்வோரும் விதவைகளின் வீடுகளுக்கும் தந்தையற்ற பெண்களின் வீடுகளுக்கும் செல்லலாகாது. சமயத்தைக் காரணமாகக் காட்டித் தாம் ஒட்டிக்கொண்ட பெண்ணிடமிருந்து நன்கொடையாகவோ உயில் மூலமாகவோ எதையும் பெறலாகாது. வேறொருவர் பெயரில் மறைமுகமாகப் பெற்றாலும் அது செல்லாது. அவ்வாறு அளிக்கப்பட்டது அரச கருவூலத்தைச் சேரும். இச்சட்டம் 372-இல் பேராயர்களுக்கும் கன்னியருக்கும் விரிவாக்கப்பட்டது. இரண்டு சட்டங்களும் தியோதோசியச் சட்டத்தொகுப்பின் பதினாறாம் நூலில் இன்றும் காணக் கிடைக்கின்றன.

இதற்குப் பின்னணி இல்லாமல் இல்லை. ரோமாபுரியின் பேராயர் பதவியில் அமர்வோர் செல்வச் சீமாட்டிகளின் காணிக்கைகளால் வளம் பெறுகின்றனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ் எழுதியுள்ளார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆகவே அவர் கூற்றைப் பகைமையெனத் தள்ளிவிடலாம். ஆனால் ஜெரோமின் கூற்றை அவ்வாறு தள்ள இயலாது. 394-ஆம் ஆண்டளவில் நெப்போத்தியன் என்னும் இளங்குருவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் இச்சட்டத்தைக் குறிப்பிடுகிறார். புறச்சமயப் பூசாரிகளும் நாடகக்காரரும்கூடச் சொத்துரிமை பெறலாம், குருமாருக்கும் துறவியருக்கும் மட்டும் அது தடை என்று கூறிய அவர், சட்டத்தைக் குறைகூறவில்லை. அத்தகைய சட்டத்திற்குத் தகுதியுடையவர்களாகிவிட்டோமே என்றே வருந்துகிறார்.

அதே கடிதத்தில் பிள்ளையற்ற முதியோரைச் சூழ்ந்திருக்கும் சில குருமாரை ஜெரோம் விவரிக்கிறார். அவர்கள் படுக்கையருகில் காத்திருக்கின்றனர். எச்சில் கலத்தைத் தாங்குகின்றனர். மருத்துவர் வந்ததும் நோயாளியின் நிலை பற்றி நடுக்கத்தோடு விசாரிக்கின்றனர். முதியவர் சற்றுத் தேறினால் வெளியே மகிழ்ந்து உள்ளே வாடுகின்றனர். பணிவிடை உண்மையாகவே நடைபெறுகிறது என்பது இங்குக் கவனத்திற்குரியது. அன்பும் ஆசையும் வெளித்தோற்றத்தில் ஒரே செயலைச் செய்கின்றன. அதனால்தான் இத்தீமையைக் கண்டறிவது கடினமாகிறது. ஜெரோமே ரோமாபுரியின் செல்வ விதவையர் பலருக்கு ஆவிக்குரிய வழிகாட்டியாக இருந்தவர் என்பதும், அவதூறுகளுக்கிடையே 385-இல் அந்நகரை விட்டு நீங்கியவர் என்பதும் அவருடைய சொற்களுக்கு மேலும் கனம் சேர்க்கின்றன.

எனினும் அச்சட்டம் முழுவதும் நேரிய சட்டம் என்று சொல்ல இயலாது. விதவை தன் பொருளைத் தன் மனம்போல் வழங்கும் உரிமையையும் அது பறித்தது. 390-இல் தியோதோசியன் பிறப்பித்த சட்டமொன்று அறுபது வயதுக்குக் குறைந்தவர் திருத்தொண்டியாகக்கூடாது எனவும், திருத்தொண்டி திருச்சபையையோ குருவையோ ஏழையையோ தன் வாரிசாக்கக்கூடாது எனவும் விதித்தது. இரண்டே திங்களில் அதன் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டது. ஹிப்பாத்தியா என்னும் விதவை, அனத்தோலியஸ் என்னும் குருவுக்குத் தன் சொத்தில் பங்கு எழுதிவைத்த வழக்கில், 455-இல் பேரரசன் மார்சியன் அவ்வுயிலை ஏற்று முந்தைய தடைகளையும் நீக்கினான். இவ்வாறு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளில் வேலி எழும்பி வீழ்ந்தது. முதியோரைக் காப்பாற்றும் முயற்சியில் அவர்களைச் சிறுபிள்ளைகளாக்கிவிடும் ஆபத்து உண்டு என்பதையும் இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

2. அகுஸ்தீன் இட்ட வேலி

வடஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரப் பேராயர் அகுஸ்தீன் வேறொரு வழியைக் கையாண்டார். ஜனுவாரியஸ் என்னும் குரு, தம்முடன் பொதுவாழ்வு நடத்துவதாக வாக்களித்தும், பணத்தைத் தனியே வைத்திருந்து, தம் மகனையும் மகளையும் விலக்கித் திருச்சபையை வாரிசாக்கி இறந்தார். அகுஸ்தீன் அக்கொடையை ஏற்க மறுத்தார். மறுத்ததன் காரணத்தைச் சபையார் முன் வெளிப்படையாக எடுத்துரைத்தார். 425-426-ஆம் ஆண்டுகளுக்குரிய அவருடைய 355, 356-ஆம் மறையுரைகளில் இச்செய்தி உள்ளது. தன் மகனை விலக்கிவிட்டுத் திருச்சபையை வாரிசாக்க விரும்புகிறவன், தன் கொடையைப் பெறுவதற்கு வேறொருவரைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

அம்மறையுரையில் கர்த்தாகோவின் பேராயர் அவுரேலியஸ் செய்த ஒரு செயலையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். பிள்ளைப்பேற்றில் நம்பிக்கையற்ற ஒருவர், தம் ஆயுள்காலம் வரை அனுபவிக்கும் உரிமையை மட்டும் நிறுத்திக்கொண்டு, சொத்து முழுவதையும் திருச்சபைக்கு எழுதிக்கொடுத்தார். பின்னர் அவருக்குப் பிள்ளைகள் பிறந்தனர். அவர் கேளாதிருக்கையிலேயே அவுரேலியஸ் எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்துவிட்டார். மனிதச் சட்டப்படி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. கடவுளின் சட்டப்படி இல்லை என்பதே அகுஸ்தீன் உணர்த்தும் கருத்து. அரசு தடைசெய்யாத இடத்திலும் தன்னைத் தடைசெய்துகொள்ளும் திருச்சபையை இங்குக் காண்கிறோம்.

3. மனச்சாட்சியின் நீதிமன்றம்

இடைக்கால இங்கிலாந்தில் முதிய குடியானவர்கள் தம் நிலத்தை மகனிடமோ அயலானிடமோ ஒப்புவித்து, உணவு, உடை, கணப்பருகில் ஓர் இடம் ஆகியவற்றைப் பெற உடன்படிக்கை செய்துகொள்வதுண்டு. அவ்வுடன்படிக்கை பண்ணை நீதிமன்றத்தில் ஊரார் முன் பதிவு பெற்றது. வாக்குத் தவறியவன் நிலத்தை இழக்கவும் நேர்ந்தது. வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் நிபந்தனையை எழுதிவைக்க வேண்டும் என்பதை எளிய மக்களும் அறிந்திருந்தனர்.

பொதுச்சட்டத்தின் கடுமைக்குப் பரிகாரம் தேடுவோர் அரசனின் சான்சலரிடம் முறையிட்டனர். சீர்திருத்தக் காலம் வரை அப்பதவியைப் பெரும்பாலும் திருச்சபைத் தலைவர்களே வகித்தனர். அவர்கள் நீதிமன்றம் மனச்சாட்சியின் நீதிமன்றம் எனப்பட்டது. தகாச் செல்வாக்கு என்னும் சட்டக்கோட்பாடு அங்கேதான் வளர்ந்தது. அதன் வளர்ச்சியில் ஒரு குருவானவரே பிரதிவாதியாக நின்ற வழக்கு தலையாய இடம் பெறுகிறது என்பது நம் சிந்தனைக்குரியது.

1807-இல் தீர்க்கப்பட்ட ஹுகுனின் எதிர் பேஸ்லி என்னும் வழக்கு அது. பேஸ்லி என்னும் குருவானவர் ஒரு விதவையின் சொத்து நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். அவ்விதவை அவருக்கும் அவர் குடும்பத்திற்கும் கைம்மாறின்றிச் சொத்தை எழுதிக்கொடுத்தார். பின்னர் அப்பத்திரத்தை நீக்குமாறு வழக்குத் தொடுத்தார். சான்சலர் எல்டன் பிரபு அதை நீக்கினார். தாம் செய்வது இன்னதென்று அப்பெண் அறிந்திருந்தாரா என்பது மட்டும் வினாவன்று. அவ்வாறு செய்யும் எண்ணம் அவருள் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதே வினா என்று அவர் தெளிவுபடுத்தினார். ஒருவர் முழு அறிவோடு கையொப்பமிடலாம். ஆயினும் அந்த விருப்பமே மற்றொருவரால் விளைவிக்கப்பட்டதாயிருக்கலாம்.

1868-இல் தீர்க்கப்பட்ட லயன் எதிர் ஹோம் என்னும் வழக்கில் இக்கோட்பாடு மேலும் துலங்கிற்று. ஜேன் லயன் என்னும் எழுபத்தைந்து வயது விதவையிடம், அவருடைய இறந்த கணவரின் ஆவி பேசுவதாகக் கூறிய டேனியல் டங்ளஸ் ஹோம் என்னும் ஆவியிடைத் தூதர் ஏறத்தாழ 60,000 பவுன் பெற்றிருந்தார். முதியவரின் சாட்சியத்தில் நம்பத்தகாத பகுதிகள் பல உண்டு என்று நீதிபதி கடிந்துகொண்டார். எனினும் தீர்ப்பு ஹோமுக்கு எதிராகவே அமைந்தது. அத்தகைய செல்வாக்குடையவர் கொடை பெற்றால், அது நேர்மையாக வந்தது என்று மெய்ப்பிக்கும் கடமை பெற்றவரையே சாரும் என்பதே காரணம். ஏமாந்த முதியவர் தம் தூய்மையை மெய்ப்பிக்கத் தேவையில்லை.

மூன்றாவது வழக்கு சிங்கப்பூரிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்று 1928-இல் தீர்ந்தது. எழுத்தறியாத முதிய மலாய்ப் பெண்மணி ஒருவர், தம் காரியங்களை நிர்வகித்துவந்த உறவினருக்குச் சொத்தைத் தானமாக எழுதினார். வழக்கறிஞர் ஒருவர் நேர்மையாகவே பத்திரத்தை அவருக்கு விளக்கியிருந்தார். ஆனால் அது அவருடைய சொத்து ஏறத்தாழ முழுவதுமே என்பது அவ்வழக்கறிஞருக்குத் தெரியாது. உயில் எழுதினால் உறவினருக்கும் நன்மை கிட்டும், ஆயுள் உள்ளவரை சொத்தும் தம் கையில் இருக்கும் என்பதையும் அவர் எடுத்துரைக்கவில்லை. தானம் நீக்கப்பட்டது. பத்திரத்தின் பொருளை விளக்குவது மட்டும் ஆலோசனையாகாது. முதியவரின் நிலைமை முழுவதையும் அறிந்து, வேறு வழிகளையும் காட்டுவதே சார்பற்ற ஆலோசனை என்று இதனால் நிலைநாட்டப்பட்டது.

4. இந்தியச் சட்டமும் வீழ்ந்த வேலியும்

இக்கோட்பாடு நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவாக இடம்பெற்றது. 1899-இல் திருத்தப்பட்ட அப்பிரிவு, முதுமை, நோய், மன அல்லது உடல் துன்பம் ஆகியவற்றால் மனத்திறன் குன்றியவரோடு ஒப்பந்தம் செய்பவரை ஆதிக்க நிலையில் உள்ளவராகக் கருதுகிறது. காரணங்களின் வரிசையில் முதுமையே முதலில் நிற்கிறது.

கிறிஸ்தவர்களைச் சிறப்பாகத் தொட்ட மற்றொரு விதியும் இருந்தது. இறக்கும் தறுவாயில் உள்ளவர்கள் வாரிசுகளை விலக்கித் தரும நோக்கங்களுக்கு நிலத்தை வழங்குவதைத் தடுக்க இங்கிலாந்தில் 1736-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதை ஒத்த விதி 1865-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும், பின்னர் 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவிலும் அமைந்தது. உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், சமய அல்லது தருமப் பணிக்குச் சொத்தை உயில் மூலம் விட விரும்பினால், இறப்பதற்குக் குறைந்தது பன்னிரண்டு திங்களுக்கு முன் அதை எழுதியிருக்க வேண்டும். எழுதிய ஆறு திங்களுக்குள் உயில்களுக்குரிய அரசு காப்பிடத்தில் ஒப்படைத்திருக்கவும் வேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களும் இவ்விதிக்கு உட்படாமையால், நடைமுறையில் இது கிறிஸ்தவர்களையே பெரிதும் கட்டுப்படுத்திற்று.

கேரளத்துக் குருவானவர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2003-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இப்பிரிவை நீக்கியது. சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு அது முரணானது என்பதே தீர்ப்பின் அடிப்படை. தீர்ப்பு நேரியதே, கிறிஸ்தவரின் ஈகையை மட்டும் ஐயுறுவதற்கு நியாயம் இல்லை. ஆனால் 455-இல் ரோமப் பேரரசில் நிகழ்ந்ததுபோலவே, இங்கும் வேலி வீழ்ந்தபின் எஞ்சியிருப்பது நம் மனச்சாட்சியே. மரணப் படுக்கையருகில் எழுதப்படும் உயில் இன்று அக்காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது. அப்படுக்கையருகில் செபிக்கச் செல்பவர் நாம்.

பிள்ளைகளால் வரும் கேட்டுக்கு 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் பரிகாரம் தருகிறது. அறுபது வயது நிரம்பியவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை மாற்றிக்கொடுத்து, பெற்றவர் அதனை நிறைவேற்றத் தவறினால், அம்மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாச் செல்வாக்காலோ நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும். தீர்ப்பாயம் அதைச் செல்லாததென அறிவிக்கலாம் (பிரிவு 23). தமிழ்நாட்டில் அத்தீர்ப்பாயத்தின் தலைவர் வருவாய்க் கோட்டாட்சியர். ஆனால் நிபந்தனை இருந்தது என்பது நிலைநாட்டப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 டிசம்பரில் வலியுறுத்தியது. 2025 ஜனவரி 2-ஆம் நாள் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், இச்சட்டத்தை முதியோருக்கு நன்மை பயக்குமாறு விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் எனக் கூறி, ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானத்தை நீக்கி, சொத்தைத் தாயிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. இடைக்காலக் குடியானவர் அறிந்திருந்ததை நம் சபைமக்களும் அறிய வேண்டும்: அன்பினால் கொடுக்கும்போதும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுதல் நன்று.

5. கண்டறியும் வழி

மேற்கூறிய வரலாற்றிலிருந்து கண்டறிதலுக்குரிய வினாக்கள் சில எழுகின்றன. முதலாவது, முதியவரின் அருகில் நிற்பவர் யார்? அவரை மற்றவர்கள் தனியே சந்திக்க இயலுகிறதா? வீட்டுச் சந்திப்பின்போது ஒவ்வொரு வினாவுக்கும் மகனோ மருமகளோ பணியாளோ முந்திக்கொண்டு விடையளித்தால், போதகர் அதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது, கொடுக்கும் எண்ணம் எவ்வாறு உண்டாயிற்று? நெடுநாள் கொண்டிருந்த கருத்து திடீரென மாறியதா? பத்திரச் செலவை யார் கொடுத்தார்? சார்பதிவாளர் அலுவலகத்திற்கு யார் அழைத்துச் சென்றார்? மூன்றாவது, கொடுத்தபின் எஞ்சுவது என்ன? சொத்து முழுவதும் ஒருவரையே சேருமானால், 1928-ஆம் ஆண்டு வழக்கு நினைவுக்கு வர வேண்டும். நான்காவது, வாழ்க்கை முறையும் வருமானமும் பொருந்துகின்றனவா? ஓய்வூதியம் ஒழுங்காக வந்தும் மருந்துக்குப் பணமின்மை, வங்கிக் கணக்குப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் பிறர் கையில் இருத்தல், வீட்டின் மூலப்பத்திரம் காணாமற்போதல், எதற்கென்று அறியாமல் வெற்றுத்தாளில் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டதாக முதியவர் கூறுதல் ஆகியன அபாய அறிகுறிகள். ஐயம் எழுந்தால் சொத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க உதவலாம். பதிவு பெற்ற மாற்றங்கள் அதில் வெளிப்படும்.

இவ்வறிகுறிகள் குற்றத்தின் சான்றுகளாகா. உண்மை அன்போடு பெற்றோரைப் பேணும் பிள்ளைகளும் வங்கிப் புத்தகத்தை வைத்திருப்பர். ஆகவே போதகர் நீதிபதியாகாமல், முதியவரோடு தனியே அமர்ந்து, அவர் விரும்புவது என்னவென்று கேட்பதே முதற்படி. அவர் சொல்வதை ஏற்பதும் அவரைக் காப்பதில் அடங்கும்.

6. திருப்பணியாளரின் ஒழுங்கு

முதியோரைக் காக்கும் ஒழுங்கு நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். தம் சபையைச் சார்ந்த முதியவரின் உயிலில் போதகர் தமக்கோ தம் குடும்பத்திற்கோ பயன் பெறலாகாது. உயிலில் சாட்சியாகக் கையொப்பமிடுபவருக்கும் அவருடைய கணவர் அல்லது மனைவிக்கும் எழுதப்பட்ட கொடை செல்லாது என்று 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு கிறிஸ்தவர்களுக்கு விதிக்கிறது. அதன் கருத்து எழுத்தினும் விரிவானது. திருச்சபைக்கு எழுதப்படும் பெருங்கொடையிலும், கொடுப்பவர் தாம் தெரிந்தெடுத்த வழக்கறிஞரிடம் தனியே ஆலோசனை பெறுமாறு சபையே கேட்டுக்கொள்ள வேண்டும். உயிரோடிருக்கையில் கொடுத்துவிடுவதைவிட உயில் எழுதுவதோ, ஆயுள்கால அனுபவ உரிமையை நிறுத்திக்கொள்வதோ முதியவருக்குப் பாதுகாப்பானது என்பதைக் கொடை பெறவிருக்கும் நாமே எடுத்துரைக்க வேண்டும். குடும்பத்தாரின் நியாயமான உரிமை மீறப்படுமானால், அகுஸ்தீனைப் போல் மறுக்கவும், காரணத்தைச் சபையார் முன் கூறவும் துணிவு வேண்டும்.

நன்கொடையை மறுத்தால் திருப்பணிக்குப் பொருள் குறையுமே என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் வீணானது அன்று. பள்ளிகளும் மருத்துவமனைகளும் விடுதிகளும் இறந்தோரின் ஈகையால் எழும்பியுள்ளன. ஆனால் ஐயத்திற்கிடமான ஒரு கொடையை ஏற்கும் திருச்சபை, மறுநாள் பிரசங்கபீடத்தில் நின்று மகனைப் பார்த்துக் கொர்பானைப் பற்றிப் பேச இயலாது. முதிய தாயின் வீட்டைக் காக்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லும் உரிமை, அவ்வீட்டின்மீது தனக்கு நாட்டமில்லை என்று காட்டியவருக்கே உண்டு. சட்டத்தைக் குறித்தன்றி, அச்சட்டத்திற்குத் தகுதியானதைக் குறித்து ஜெரோம் வருந்தினார். அவ்வருத்தத்திற்கு நம் காலத்தில் இடமளியாதிருப்பது, முதியோரின் வாசற்படியை மிதிக்கும் ஒவ்வொரு போதகரின் பொறுப்பாகும்.